இனிஷியல் கேட்கும் அக்கா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த அக்கா என்னிடம் பெயரைக் கேட்டார். சொன்னேன். "இனிஷியல்?" என்றார். அதையும் சொன்னேன். "ம், இப்பதான் முழுசா வந்திருக்க" என்று சொல்லிவிட்டுத் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த ஊர், என்ன படிப்பு, கல்யாணம் ஆயிடுச்சா என்று எங்கள் பக்கத்தில் வரிசையாக வரும் கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நானோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரின் குடும்பக் கதையை அரியலூர் தாண்டுவதற்குள் கேட்டு முடித்துவிடுகிற ஆள். என்னிடம் கதை கேட்காத ஒருத்தர் இருக்கிறார் என்றால் அவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இனிஷியலை விட்டுவிட்டு எழுதினால் சண்டைக்கு வருவார். இனிஷியலோடு எழுதினால் யாரென்று எங்கள் ஜில்லாவுக்கே தெரிந்துவிடும். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அரியலூர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு டூவீலர் ஸ்பேர்ஸ் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. சிமெண்ட் லாரிகள் போகிற ரோடு என்பதால் காலையில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர் லேபுக்கு இயங்குதளம் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். உலகம் முழுக்க ஆட்கள் இலவசமாக எழுதிப் பொதுவில் வைத்திருக்கிற மென்பொருட்களை எடுத்து, நம் பள்ளிகளுக்கு வேண்டியதை மட்டும் சேர்த்து, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும்படி செய்து கொடுப்போம். முதலாளியை நாங்கள் சார் என்போம். போன் எடுப்பதும், பஸ் ஏறிப் பள்ளிகளுக்குப் போய்ச் சரிசெய்வதும் என் வேலை. அக்காவின் வேலை பேக்கேஜ் கட்டுவது.

அது என்ன வேலை என்று எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவே ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார். ஒரு புரோகிராம் தனியாக எல்லாவற்றையும் செய்துவிடாது. தேதி கணக்குப் போட ஒன்று, படம் காட்ட ஒன்று என்று மற்றவர்கள் எழுதி வைத்த சின்னத் துண்டுகளைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அந்தத் துண்டுகளுக்கு லைப்ரரி என்று பெயர். பெர்ல், பைத்தான், ரூபி என்று கம்ப்யூட்டருக்கு எழுதுகிற மொழிகள் பல இருக்கின்றன. பெர்லில் எழுதிய துண்டு பெர்ல் புரோகிராமுக்குத்தான் உதவும், பைத்தானுக்கு உதவாது. ஒவ்வொன்றையும் எடுத்து, ஒரு பெயர் போட்டு, மூட்டையாகக் கட்டி வைத்தால் லேபில் இருப்பவர்கள் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து இறக்கிக்கொள்வார்கள். இவ்வளவுதான் விஷயம்.

"இதுல என்னக்கா கஷ்டம்?" என்று கேட்டேன்.

"பேருதான்டி கஷ்டம். பெத்தவன் பாட்டுக்குப் பேரு வச்சுட்டுப் போயிடுறான். பள்ளிக்கூடத்துல சேக்குறது நாமல்ல?"

அந்தக் கஷ்டம் என்னவென்று ஒரு திங்கட்கிழமை எனக்கே தெரிந்தது. காலையில் ஆபீஸைத் திறக்கும் முன்பே பெரம்பலூர் பக்கத்திலிருந்து போன். அதை வைப்பதற்குள் செந்துறையிலிருந்து இன்னொரு போன். எல்லாருக்கும் ஒரே புகார். மாணவர் வருகையைப் பதிகிற புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்கிறது. "ஏம்மா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? நீங்க என்னத்தையோ அனுப்புனீங்க, ஏத்துனோம், படுத்துருச்சு" என்று ஒரு வாத்தியார் கத்தினார். நான் எதையும் அனுப்பவில்லை. அனுப்பியது அக்கா.

அந்தப் புரோகிராம் பெர்லில் எழுதியது. அது காலண்டர் என்ற பெயருள்ள ஒரு பெர்ல் துண்டை நம்பியிருந்தது. போன வாரம் வேறு எதற்கோ தேவை என்று பைத்தானில் எழுதிய ஒரு துண்டை அக்கா கட்டியிருந்தார். அதை எழுதியவரும் காலண்டர் என்றே பெயர் வைத்திருந்தார். அதன் பதிப்பு எண் பெரியது. மெஷினுக்கு என்ன தெரியும்? பழைய காலண்டரின் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று நினைத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டது. பெர்ல் புரோகிராம் தன் காலண்டரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உயிரை விட்டது.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ரெண்டு வூட்டுப் புள்ளைக்கும் ஒரே பேரு. இனிஷியல் இல்லாம கூப்பிட்டா எவன் வருவான்?"

அன்றே சட்டம் போட்டார். துண்டு எந்த மொழியில் எழுதியதோ அந்த மொழியின் பெயர் முதலில். பிறகு ஒரு சின்னக் கோடு. பிறகு எழுதியவர் வைத்த பெயர், ஓர் எழுத்துகூட மாறாமல். பெர்ல்-காலண்டர், பைத்தான்-காலண்டர். இரண்டும் ஒரே மெஷினில் அவரவர் இடத்தில் இருக்கலாம், ஒருத்தரை ஒருத்தர் தள்ளாமல். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த நூற்றுக்கணக்கான மூட்டைகளையும் பிரித்து, புதுப்பெயர் போட்டு, மறுபடி கட்டினார். அதற்கு அந்த வருட மழைக்காலம் முழுவதும் போனது. மற்றவர்கள் தீபாவளிக்குத் துணி எடுத்தார்கள், இவர் பெயர் மாற்றினார்.

இந்தச் சட்டம் ஆபீஸோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு நாள் அவர் போனில் ஒரு நம்பர் தேட வேண்டி வந்தது. பார்த்தால் ஒரு மனிதப் பெயரும் தனியாக இல்லை. செந்துறை-பிளம்பர்-குமார். கீழப்பழுவூர்-பால்-செல்வி. என்னைத் தேடினேன், ஆபீஸ் என்பதற்குக் கீழே அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். "உங்க வீட்டுக்காரர் எங்கக்கா?" என்றேன். வீடு என்பதற்குக் கீழே மனிதர் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். "அவராவது தனியா நிக்கக் கூடாதா?" என்று சிரித்தேன். "ஏன், அவரு என்ன பெரிய இவரா?" என்றார் அக்கா.

ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டிய அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஆடு வளர்த்தார்கள். குட்டிகளுக்கு முதலில் தாயின் பெயர், பிறகு அதன் பெயர். கருப்பி-சுட்டி, கருப்பி-நெட்டை, வெள்ளச்சி-ஊமை. "அப்பன் பேரைத்தானேக்கா இனிஷியலா போடணும்?" என்று சீண்டினேன். "ஆட்டுக்கு அப்பன் யாருன்னு யாருக்குடி தெரியும்? அம்மாதான் நிச்சயம்" என்று சொல்லிவிட்டு, "சொந்தமா ஒரு குட்டி போட்டுருச்சுன்னா இனிஷியலை எடுத்துருவேன். அதுக்கப்புறம் அது தனிக் குடும்பம்" என்றார். அவர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் பரவால்லம்மா, சாயங்காலம் ஆபீஸ விட்டு வந்துடுறீங்க" என்றார். நல்ல மனிதர்.

இனிஷியல் விஷயத்தில் அக்காவுக்கு வீட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அப்பாவின் இனிஷியலையே வைத்திருந்தார். பாங்கில், காஸ் கம்பெனியில், பிள்ளைகளின் பள்ளியில் எல்லா இடத்திலும் கேட்டார்கள். மாமியார் கொஞ்சம் வருத்தப்பட்டதாகக் கேள்வி. நானும் கேட்காமல் இருப்பேனா? "இனிஷியலுங்கிறது நான் எங்கேர்ந்து வந்தேன்னு சொல்றது. இப்ப எங்க இருக்கேன்னு சொல்றதுக்குத்தான் அட்ரஸ் இருக்குல்ல?" என்றார் அக்கா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. கூட்டல் கணக்குக்கு விடை சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அவரிடம் விதிவிலக்கு வாங்கியவர் எவரும் இல்லை. சாரே முயன்று பார்த்தார். சார் இளம் வயதில் பெர்லில் ஒரு துண்டு எழுதியிருந்தார். பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும் கோப்பை இப்போதைய எழுத்துக்கு மாற்றித் தரும். அந்தச் சமயம் பிறந்த தன் மகளின் பெயரை அதற்கு வைத்திருந்தார். யாழினி. அக்கா அதைப் பெர்ல்-யாழினி ஆக்கிவிட்டார். சார் தன் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"என்னங்க இது? எம் பொண்ணு பேருக்கு முன்னாடி எவனோ நிக்கிறான்?"

"பொண்ணு பேரு அப்படியேதான் சார் இருக்கு. இனிஷியல் மட்டும்தான் போட்டிருக்கேன்."

"எம் பொண்ணுக்கு இனிஷியல் நான்ல?"

"பொண்ணுக்கு நீங்கதான் சார். இதுக்குப் பெர்ல்தான். நீங்க வளத்தீங்க, ஆனா அது அந்த வூட்டுப் புள்ள."

சார் என்னைப் பார்த்தார். நான் எதுவும் கேட்காதது போல டம்ளரை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, வினாத்தாள் அச்சடிக்கிற எங்கள் புரோகிராமுக்கும் முன்னால் பெர்ல் என்று போட்டுவிடச் சொன்னார். தோற்றாலும் ஒரே மாதிரி தோற்போம் என்று நினைத்தார் போலும். அக்கா அதற்கும் மறுத்துவிட்டார். "அது வேற சார். யாரோ கூப்பிட்டாத்தான் வேலை செய்யுற துண்டுக்குத்தான் இனிஷியல். வினாத்தாள் புரோகிராம வாத்தியாரே நேரா தொறக்குறாரு. அவருக்கு அது எந்த மொழியில எழுதுனதுன்னு எதுக்குத் தெரியணும்?" சார் தன் அறைக்குத் திரும்பிப் போனார். எனக்கு மட்டும் குட்டி போட்டதும் இனிஷியல் போகிற ஆடு ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததை இது தெரிந்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஒரு சித்திரை மாதம் சார் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆபீஸை நடத்த முடியவில்லை, மூடப் போகிறேன் என்றார். சம்பளம் அந்த வருட முடிவு வரை தருவதாகச் சொன்னார். எங்களை விடப் பள்ளிகளை நினைத்துத்தான் அவர் அதிகம் கலங்கினார். நாங்கள் போய்விட்டால் லேபில் இருக்கிற மெஷின்களுக்குப் புதுப் பதிப்பு அனுப்ப ஆள் இல்லை. ஒரு வருடம் ஓடும், இரண்டு வருடம் ஓடும், பிறகு ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். பிள்ளைகள் திரும்பவும் கரும்பலகையில் கம்ப்யூட்டர் படம் வரைந்து படிக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு வழி இருந்தது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து சம்பளம் இல்லாமல் நடத்துகிற ஒரு பெரிய இயங்குதளம் இருக்கிறது. எங்கள் மூட்டைகளைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள அவர்கள் சம்மதித்திருந்தார்கள். சேர்ந்துவிட்டால் எங்கள் பள்ளிகளுக்கு அங்கிருந்தே எல்லாம் வந்துகொண்டிருக்கும், ஆபீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நிபந்தனை ஒன்றுதான். பெயரெல்லாம் அவர்கள் முறைப்படி இருக்க வேண்டும்.

அவர்கள் முறையைத் திரையில் படித்த அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பைத்தான் துண்டு என்றால் பைத்தான் முன்னால் வரும். ரூபியும் முன்னால் வரும். பெர்ல் என்றால் அது பின்னால் போய்விடும், முன்னால் லைப்ரரி என்பதைச் சுருக்கி லிப் என்று ஒன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் பெர்ல்-காலண்டர் அங்கே லிப்-காலண்டர்-பெர்ல். எங்கள் மூட்டைகளில் பாதிக்கு மேல் பெர்ல்தான்.

"ஒண்ணுக்குத் தலையில, ஒண்ணுக்கு வாலுல" என்றார் அக்கா. "என்னா ஒழுங்குடி இது?"

அவர்களுக்கு எழுதிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மொழியை முன்னாலேயே வைத்தால் என்ன, நான் உட்கார்ந்து மாற்றித் தருகிறேன் என்று எழுதினார். எங்கோ குளிர்ப் பிரதேசத்திலிருந்து ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். நீங்கள் சொல்வது நியாயம்தான், எங்களுக்கும் இது தெரியும். ஆனால் பெர்ல்காரர்கள் முதலில் வந்தார்கள், தங்களுக்குத் தோன்றியபடி வைத்தார்கள். மற்ற மொழிக்காரர்கள் பிறகு வந்து வேறு மாதிரி வைத்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டது, உலகம் முழுக்க மெஷின்கள் இந்தப் பெயர்களை நம்பியிருக்கின்றன, இனி மாற்ற முடியாது. இதுதான் அவர் எழுதியதன் சுருக்கம்.

அக்கா அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவில்லை. மறுநாளும் யாரோடும் பேசவில்லை. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சேர்க்கிற வேலையைச் செய்ய எங்களில் வேறு ஆள் கிடையாது. எந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சார் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். முடியாது என்றுதான் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். சாருடைய பெண்ணின் பெயருக்கே இறங்காதவர், முகம் தெரியாத ஆளுக்கா இறங்கப் போகிறார்? பள்ளிகளை நினைத்தால் பயமாக இருந்தது. அக்கா மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, இவ்வளவு பிடிவாதமா என்று மனதுக்குள் திட்டினேன்.

அடுத்த நாள் காலை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்து இறங்கியவர் நேராக நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். முதல் பெயரை மாற்றினார். பெர்லை எடுத்துப் பின்னால் வைத்தார்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "என்னக்கா, ஒத்துக்கிட்டீங்களா?"

"ம்."

"அது தப்பான ரூலுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இப்பவும் அதான் சொல்றேன். தப்பான ரூலுதான்." திரும்பாமலே பேசினார். "நம்ம ரூலு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நம்ம வூட்டுக்குள்ள மட்டும்தான்டி செல்லும். நாம போயிட்டா இந்தப் பேரையெல்லாம் யாரு கூப்புடுவா? அங்க கோணலா இருந்தாலும் எல்லாரும் ஒரே கோணலாக் கூப்புடுறாங்க. யாராச்சும் ஒருத்தர் எப்பவும் இருப்பாங்க."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

அவர் கை நின்றது. "வருத்தம் இல்லாம இருக்குமா? நான் வச்ச பேருடி ஒவ்வொண்ணும்" என்றார். பிறகு மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

அதுவரை அவருக்குத் தன் சட்டத்தின் மேல்தான் ஆசை என்று நினைத்திருந்தேன். எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன், அவரை எனக்குத் தெரியவே இல்லை. அன்று பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை, எழுதத்தான் செய்கிறேன்.

ஆடி, ஆவணி எல்லாம் அந்த வேலையிலேயே போயின. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பழைய பெயரில் ஒரு வெறும் மூட்டையும் கட்ட வேண்டும். அதற்குள் எதுவும் இருக்காது. பழைய பெயரைத் தட்டச்சு செய்கிறவரைப் புதுப் பெயரிடம் கொண்டுபோய் விடுவது மட்டும்தான் அதன் வேலை. ஒவ்வொரு பள்ளியும் புதுப் பெயருக்கு மாறிய பிறகு அதை எடுத்துவிடலாம். அக்கா கட்டக் கட்ட நான் மெஷினில் ஏற்றிச் சரிபார்த்தேன். கடைசி மூட்டை சாரின் பெண் பெயர். லிப்-யாழினி-பெர்ல். சார் எட்டிப் பார்த்து, "இப்ப ரெண்டு பக்கமும் ஆளு நிக்கிறானா?" என்றார். மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்த ஆபீஸில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஆபீஸ் மூடியபின் நான் பெரம்பலூருக்கு வேறு வேலையாகப் போய்விட்டேன். அக்கா ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஆபீஸில் சேர்ந்தார். வீட்டு வேலை முடித்து, பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் மூட்டைகளுக்கு வேண்டிய திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்குச் சம்பளம் கிடையாது. வெறும் மூட்டைகளை ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு அவரே எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் வைத்த பெயர் ஒன்றுகூட இப்போது எங்கும் இல்லை.

சென்ற மாதம் பெரம்பலூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். என் இப்போதைய வேலை சம்பந்தமாக. லேபில் எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். புதிதாக வந்த கம்ப்யூட்டர் டீச்சர், சின்ன வயசுப் பெண், அக்கா கட்டிய ஒரு பெர்ல் துண்டை இறக்க முயன்று பெயர் தப்பாகித் தப்பாகி எரிச்சலில் இருந்தார்.

"பாருங்க மேடம், பைத்தானுக்கு முன்னாடி போடணுமாம். அதே மாதிரி பெர்லுக்குப் போட்டா கிடைக்காதாம், அதுக்குப் பின்னாடி போடணுமாம். இதுக்கெல்லாம் யாருதான் பேரு வைக்கிறாங்களோ? ஒழுங்குன்னா என்னன்னே தெரியாத ஆளா இருக்கும்."

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் சொல்லத் தொடங்குவதற்குள் அந்தப் பெண் சரியான பெயரை அடித்துவிட்டார், துண்டு இறங்கிவிட்டது. பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பாடம் தொடங்கியது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"அக்கா?"

"ம். அந்த டீச்சர் சொன்னது சரிதான்டி. நானா இருந்தாலும் அப்படித்தான் திட்டியிருப்பேன்."

"நீங்கதான் வச்சீங்கன்னு சொல்லியிருக்கணும்க்கா. எதுக்காக அப்படி வச்சீங்கன்னு சொல்லியிருக்கணும். எனக்கு நெஞ்சு ஆறல."

"விடு. கோணலா இருந்தாலும் கூப்பிட்டுட்டாங்கல்ல? வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"அப்ப என்னையத் திட்டிட்டுப் போவட்டும்" என்றார் அக்கா.